கைராசி

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு டாக்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் எங்கே படித்தார், என்ன பட்டம் வாங்கினார் என்று யாரும் கேட்பதில்லை. கைராசிக்காரர் என்று ஒருவர் சொன்னால் போதும், இரண்டு பஸ் மாறியாவது அவரிடம் போய்க் காட்டுவார்கள். அம்மா எங்களை அப்படித்தான் வளர்த்தாள். அதே மாத்திரை, அதே ஊசி. ஆனால் இன்னார் கையால் போட்டால்தான் கேட்கும். படித்து வேலைக்குப் போன பிறகு அந்தச் சொல்லை நான் ஒதுக்கி வைத்திருந்தேன். அம்மா மாட்டுத்தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்த நாட்களில்தான் அது திரும்ப நினைவுக்கு வந்தது. கைக்கு ராசி உண்டுதான் என்று இப்போது நினைக்கிறேன், அம்மா நினைத்த பொருளில் இல்லாவிட்டாலும்.

வார்டில் 40 கட்டில்கள். இரவில் ஒரு சிஸ்டர், சில நாள் இருவர். கூட இருந்த மகள்களும் மருமகள்களும் இரண்டு நாளில் ஒரே வீட்டுக்காரர்கள் போல ஆகிவிட்டோம். கஞ்சி வாங்கப் போகிறவள் ஆறு பேருக்குத் தூக்குவாளி கொண்டுபோவாள். அடுத்த கட்டில் ஆத்தாவுக்கு யாருமில்லை. காலில் சர்க்கரைப் புண். அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதும், பெட்பேன் வைத்து எடுப்பதும், நனைந்த துணியை மாற்றுவதும் என் வேலையாகிவிட்டது. அந்த வேலையை முடித்துவிட்டு அப்படியே திரும்பி அம்மாவின் முகத்தைத் துடைத்துவிடுவேன். இதை இங்கே எழுதும்போது விரல் நிற்கிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கட்டிலின் கால்மாட்டில் அட்டையில் சார்ட் தொங்கும். வெப்பம், நாடி, மூச்சு, பிபி. மத்தியான வேளைகளில் வேறு வேலையில்லாமல் நான் அதைப் படித்துக்கொண்டிருப்பேன். வெப்பம் ஏறும் இறங்கும், நாடி 84 என்பார்கள் 92 என்பார்கள். மூச்சு மட்டும் 18, 18, 20, 18 என்றே போகும். அம்மா சீராக மூச்சு விடுகிறாள் என்று எனக்கு நிம்மதி. அந்தக் கட்டத்தில் இருந்தது பல வேளைகளில் அம்மாவின் மூச்சே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. எண்ண நேரம் கிடைக்காதபோது எழுதுகிற எண் அது. பல தேசத்து வார்டுகளிலும் அப்படித்தான். நோயாளியின் உயிர்க்குறிகளில் அதிகம் கைவிடப்படுவது மூச்சுக் கணக்குதான் என்று மருத்துவ இதழ்கள் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கின்றன. பிபிக்கு மெஷின் இருக்கிறது, ஆக்சிஜனுக்கு விரலில் மாட்டும் கிளிப் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் எண் வந்துவிடும். வார்டில் மூச்சுக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஓர் ஆள் வந்து நின்று ஒரு நிமிடம் முழுக்க மார்பையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அறுவை முடிந்த நாலாம் நாள் இரவு, 2 மணி இருக்கும். அன்று டூட்டியில் இருந்த சிஸ்டர் சின்ன வயதுக்காரர். வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார், பாட்டிலை அழுத்திக் கைகளில் தேய்த்துக்கொண்டார், பிபி பட்டையைப் பஞ்சால் துடைத்தார். கக்கத்தில் தெர்மாமீட்டர்: 98.2. பிபி 110/70. விரல் கிளிப்பில் 95. தூக்கத்திலிருந்து பாதி எழுந்த எனக்கு எல்லாமே நல்ல எண்களாகத் தெரிந்தன. கடைசியில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்த்து முடித்திருக்க வேண்டிய நேரம் தாண்டியும் விடவில்லை. முகத்தைப் பார்க்காமல், போர்வை எழுவதையும் தாழ்வதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன கண்ணு, இந்நேரத்துல கையப் புடிச்சுக்கிட்டு நிக்கற?”

“சும்மாதானுங்க பாட்டி. நீங்க கண்ண மூடுங்க.”

பிறகு போன் இருக்கும் மேஜைக்கு வேகமாகப் போனார். “மூச்சு 28 இருக்குதுங்க சார்” என்று சொல்வது கேட்டது. அரைமணி நேரத்தில் டாக்டர் வந்து, கல்ச்சருக்கு ரத்தம் எடுத்து, மருந்து மாற்றி, விடியும் முன் அம்மாவை ஐ.சி.யூ.வுக்கு நகர்த்திவிட்டார்கள்.

நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே மூச்சை எண்ணுவது நர்சிங் படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுக்கிற பாடமாம். உயிர்க்குறிகளில் நாம் நினைத்தால் உடனே மாற்றக்கூடியது மூச்சு ஒன்றுதான். எண்ணுகிறேன் என்று சொன்னால் மூச்சு உஷாராகிவிடும். அதனால் கை கையைப் பிடித்திருக்கும், கண் மார்பில் இருக்கும். அம்மாவுக்கு இது தெரியாது. அந்தப் புள்ள பாசமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது என்றுதான் ஐ.சி.யூ.விலும் வீட்டிலும் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் திருத்தவில்லை. திருத்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

காய்ச்சலே இல்லாமல் எப்படி என்று ஐ.சி.யூ. டாக்டரைக் கேட்டேன். வயதானவர்களுக்குப் பல சமயம் உடம்பு சுடாது என்றார். கிருமி ரத்தத்தில் பரவி, திசுக்களுக்குப் போதுமான பிராணவாயு போய்ச் சேராதபோது உடம்பில் அமிலம் சேரத் தொடங்கும். அதைக் குறைக்க உடம்பு தானாகவே கரியமில வாயுவை வேகமாக வெளியே தள்ளும். அதனால்தான் மூச்சு முந்திக்கொள்கிறது. பிபி விழுவதற்குச் சில மணி நேரம் முன்பே அது சொல்லிவிடும். இங்கிலாந்தில் 2012 முதல் நடைமுறையில் இருக்கும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்குமேல் என்றால் அந்த ஒன்றுக்கே 3 மதிப்பெண். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். விரல் கிளிப் காட்டிய 95ஐயும் முழுக்க நம்ப முடியாது. அந்தக் கருவிக்கு அடிப்படையான யோசனையை 1970களில் ஜப்பானிய பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டுபிடித்தார். தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ரத்தத்தின் நிறத்தை அளக்கிற வேலை. கறுத்த தோலில் அது இருப்பதைவிடக் கூட்டிக் காட்டுவதுண்டு என்பதை 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பெரிய அளவில் காட்டியது. கறுப்பினத்தவரிடம் இப்படி மறைந்துபோகும் பிராணவாயுக் குறைவு வெள்ளையரைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எங்கள் அம்மா நல்ல கறுப்பு. நம்மில் பாதிப் பேர் அந்தக் கிளிப்பில் விரலை நீட்டும்போது இதை யாரும் சொல்வதில்லை.

கிருமி எங்கிருந்து வந்தது என்பது மறுநாள் தெரிந்தது. மருந்து ஏற்றுவதற்காக இடது புறங்கையில் குத்தி நாலு நாளாக இருந்த வென்ஃப்ளான் குழாய். அதைச் சுற்றிச் சிவந்திருந்ததை நான் முந்தின நாள் மத்தியானமே பார்த்திருந்தேன். பிளாஸ்திரி உறுத்துகிறது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல், விரலால் நீவிவிட்டேன். கல்ச்சரில் ஸ்டஃபைலோகாக்கஸ் வந்தது. மனிதத் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கிற கிருமி. ஆறாத புண்களில் ஏராளமாக இருக்கும். ஊசி போட்ட கையோ, மருந்து ஏற்றிய கையோ, ஆத்தாவின் காலைத் தூக்கிவைத்துவிட்டு வந்த என் கையோ, யாராலும் இனிச் சொல்ல முடியாது. டாக்டர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கூட இருக்கிறவர்களுக்கும் ஒரு பாட்டில் வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இக்னாஸ் செம்மல்வைஸின் கதை எனக்குப் பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாகத் தெரியும். அந்த ஐ.சி.யூ. வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடித் தேடி அதைத் திரும்பப் படித்தேன். வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். முதலாவதில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும்; இரண்டாவதில் மருத்துவச்சிகள். எந்த நாளில் வலி எடுக்கிறதோ அதைப் பொறுத்து எந்த வார்டு என்று அமையும். 1840களில் முதல் வார்டில் பிரசவ ஜன்னியில் சராசரியாக 100 தாய்களில் 10 பேர் செத்தார்கள், இரண்டாவதில் 4 பேர்கூட இல்லை. ஊருக்கே இது தெரிந்திருந்தது. முதல் வார்டு வேண்டாம் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். அந்தக் கெஞ்சலை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்களுக்குக் கிருமி தெரியாது, சராசரி தெரியாது; எந்தக் கைக்கு ராசி இல்லை என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பட்டம் பெற்றவர்கள்தான் அதை நம்பவில்லை.

செம்மல்வைஸ் காற்றைச் சந்தேகித்தார், படுக்கும் நிலையைச் சந்தேகித்தார், சாகிறவருக்குச் சடங்கு செய்ய மணியடித்துக்கொண்டு வார்டைக் கடந்துபோகும் பாதிரியாரைக்கூடச் சந்தேகித்தார். 1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா, பிணப்பரிசோதனையின்போது மாணவன் ஒருவனின் கத்தி விரலில் கீறி இறந்துபோனார். நண்பரின் பரிசோதனை அறிக்கையை வாசித்தபோது, அந்தத் தாய்மாரின் உடலில் எழுதப்பட்டிருந்ததே அதிலும் இருந்தது. டாக்டர்கள் காலையில் பிணவறையில் கை வைத்துவிட்டு அங்கிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலையில்லை. அந்த மே மாத மத்தியில் அவர் வாசலில் ஒரு பாத்திரத்தில் குளோரின் சுண்ணாம்புக் கரைசல் வைத்தார். நம் பஞ்சாயத்துக்காரர்கள் கிணற்றில் கொட்டும் பிளீச்சிங் பவுடர்தான் அது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் இருந்த சாவு ஜூனில் இரண்டு சொச்சமாகிவிட்டது.

எல்லோரும் இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறார்கள். என்னை உலுக்கியது அதற்குப் பிந்தைய அக்டோபர். வரிசையில் முதல் கட்டிலில் கருப்பைப் புற்று அழுகிச் சீழ் வடியும் ஒரு பெண் படுத்திருந்தார். ரவுண்ட்ஸ் அங்கேதான் தொடங்கும். பிணவறையிலிருந்து வந்தவுடன் கழுவிய கைதான். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகு சோப்பால் மட்டும் கழுவிக்கொண்டு அடுத்தடுத்த கட்டில்களுக்குப் போனார்கள். கூடவே பிரசவித்த 12 பேரில் 11 பேர் இறந்தார்கள். சாவு பிணத்திலிருந்து மட்டும் வருவதில்லை, உயிரோடு இருப்பவரிடமிருந்து உயிரோடு இருப்பவருக்கும் கை வழியாகப் போகும் என்று அன்று தெரிந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் இடையில் கழுவ வேண்டும் என்ற விதி அங்கே பிறந்தது. ஆத்தாவின் கட்டிலுக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் இடையே இரண்டரை அடி இருக்கும்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் தலைமுழுகாமல் பிள்ளை பெற்றவளைத் தொடக் கூடாது என்பது நம் வழக்கம். இதைக் காட்டி, செம்மல்வைஸுக்கு முன்பே நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று பேசுகிறவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. தீட்டு கையைப் பார்த்ததில்லை, ஆளைத்தான் பார்த்தது. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்து, தொப்புள்கொடி அறுத்துப் பிள்ளையைக் கையில் கொடுத்த மருத்துவச்சியைக் கொல்லை வாசலோடு நிறுத்தியது அந்த வழக்கம்தான். வியன்னாவில் நடந்தது இதற்கு நேரெதிர். மருத்துவச்சியின் கை காப்பாற்றுகிறது, பேராசிரியரின் கை கொல்கிறது என்று ஒரு மனிதர் எண்களைக் காட்டிச் சொன்னார். கனவானின் கை அழுக்காக இருக்க முடியாது என்று நம்பிய சக டாக்டர்களால் அதைத் தாங்க முடியவில்லை. பதவி நீட்டிக்கப்படாமல் அவர் வியன்னாவை விட்டுப் போனார். 1865இல் மனநல விடுதி ஒன்றில் காவலாளிகளால் அடிக்கப்பட்டு, புண் சீழ்பிடித்து, ரத்தத்தில் நஞ்சேறிச் செத்தார். 47 வயது.

தீட்டு மருத்துவமனைக்குள் வேறு உருவத்தில் திரும்பி வந்ததை நம் தலைமுறையே பார்த்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள், ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதிக்கப்பட்டன. அதற்குப் பிறகு எத்தனையோ வார்டுகளில் அந்த நோயாளிகளின் கட்டில் ஒதுக்கப்பட்டது, கேஸ் ஷீட்டில் குறி போடப்பட்டது, அறுவை தள்ளிப்போடப்பட்டது. ஆனால் அதே வருடங்களில்தான், 1987இல், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு விதியை முழுதாக வகுத்து வெளியிட்டது: யாருக்கு நோய் இருக்கிறது என்று தேடாதே, எல்லோருடைய ரத்தத்தையும் ஒரே எச்சரிக்கையோடு தொடு. தொற்றுத் தடுப்பு நூல்களில் இது ஒரு நடைமுறைக் குறிப்பாக வரும். எனக்கு இது அறவியலின் பெரிய வரிகளில் ஒன்று. எல்லோரையும் சந்தேகி என்று கேட்கலாம். ஆனால் அதைக் கடைப்பிடிக்கும் வார்டில் யாரும் தனியாகக் குறிக்கப்பட மாட்டார்கள். சந்தேகம் ஆள்மீது இல்லை, தன் கைமீது.

அப்படியானால் ஏன் கழுவுவதில்லை? சோம்பல், அலட்சியம் என்று சொல்வது எளிது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற டாக்டர் 1990களில் தன் ஆட்களை வார்டுகளில் உட்காரவைத்து எண்ணச் சொன்னார். ஐ.சி.யூ.வில் ஒரு நோயாளியைக் கவனிக்கும் ஒரு மணி நேரத்தில் கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் சராசரியாக 20 வந்தது. குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துத் திரும்ப ஒரு நிமிடம் என்றாலும், மணிக்கு 20 நிமிடம் குழாயடியில். தேவை கூடக்கூடக் கழுவுவது குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள். நர்ஸ்களைவிட டாக்டர்கள் குறைவாகக் கழுவினார்கள் என்பதும் அதே கணக்கில் உண்டு. பிட்டே புத்திமதி சொல்லவில்லை. ஆல்கஹால் கரைசலைக் கட்டிலுக்கும் சட்டைப் பைக்கும் கொண்டுவந்தார். அரை நிமிடத்தில் காய்ந்துவிடும், நடந்துகொண்டே தேய்க்கலாம். 1994இல் 48 சதவீதமாக இருந்த கைச்சுத்தம் 1997இல் 66 ஆனது. மருத்துவமனையில் பிடிக்கும் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் பிறகு அந்தக் கரைசலின் செய்முறையை எந்த மருத்துவமனையும் தானே தயாரித்துக்கொள்ளும்படி வெளியிட்டது.

அம்மா வார்டுக்குத் திரும்பிய பிறகு, ஒரு இரவு அந்த சிஸ்டரிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் எண்ணத் தோன்றியது என்று.

“பிபி பாக்கறப்பவே நடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசுனாங்கக்கா. அதுதான்.” கொஞ்சம் பொறுத்து, “எல்லாக் கட்டில்லயும் அப்படி நிக்க முடியறதில்லீங்கக்கா” என்றார். குரலில் புகார் இல்லை. தாழ்ந்திருந்தது.

அன்றிரவு நான் கணக்குப் போட்டேன். கை தேய்க்க அரை நிமிடம், வெப்பம் ஒரு நிமிடம், நாடி அரை, மூச்சு ஒன்று, பிபி ஒன்று, பட்டையைத் துடைத்து, சார்ட்டில் எழுதி, மறுபடி கை தேய்க்க ஒன்று. ஒருவருக்கு 5 நிமிடம், 40 பேருக்கு 200 நிமிடம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டுமென்றால் மிச்சம் 40 நிமிடம். ஊசிகள், டிரிப்ஸ், டிரெஸ்ஸிங், புதிதாக வருகிறவர், போகிறவர், செத்தவர், எல்லாம் அந்த 40 நிமிடத்துக்குள். 18 என்ற எண்ணை எழுதியவர்கள்மீது எனக்கிருந்த கோபம் அந்தக் கணக்குக்குப் பிறகு இடம் மாறிவிட்டது. ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் என்று தீர்மானிக்கும் கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்தான் அந்த 18ஐயும் எழுதுகிறார். கழுவாத கையிலும் அவர் கை இருக்கிறது.

1707இல் ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கில டாக்டர், சரியாக ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து அதைக் கொண்டு நாடியை எண்ணினார். அதற்கு முன் நாடியின் தன்மையைச் சொன்னார்கள்: குதிக்கிறது, ஊர்கிறது, தளர்கிறது. நம் சித்த வைத்தியர்கள் மூன்று விரல் வைத்து வாதம் பித்தம் கபம் என்று இன்றும் சொல்கிறார்கள். எண் வந்த பிறகு விரலின் அறிவு போய்விட்டது என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த சிஸ்டருக்கு இரண்டும் இருந்தது. பேச்சு உடைவதைக் காது கேட்டது, பிறகு கடிகாரம் பார்த்தார். அவருடைய கடிகாரம் மணிக்கட்டில் இல்லை, சட்டையில் தலைகீழாகக் குத்தியிருந்தது. குனிந்தால் அவருக்கு நேராகத் தெரியும். மணிக்கட்டில் கட்டினால் பட்டைக்கு அடியில் கிருமி தங்கும், கையை முழுதாகத் தேய்க்க முடியாது. நேரத்தையும் சுத்தத்தையும் ஒரே ஊசியில் குத்திவைத்த அந்தச் சின்னப் பொருளைப் போல அந்த வார்டில் எனக்குப் பிடித்தது வேறொன்றில்லை.

இருபத்து மூன்றாம் நாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவை செய்த டாக்டரின் பெயர், எலும்பில் வைத்த பிளேட், கல்ச்சரில் வந்த கிருமி, போட்ட மருந்துகள் எல்லாம் இருந்தன. 28 இல்லை. சார்ட் மருத்துவமனையிலேயே தங்கிவிடும்.

ஒரு மாதம் கழித்துக் காட்டப் போனோம். எக்ஸ்ரே எடுத்து முடித்ததும், அந்தப் புள்ளயப் பாத்துட்டுப் போலாம் என்றாள் அம்மா. பை நிறையக் கொய்யா கொண்டுவந்திருந்தாள். வாக்கரை ஊன்றி ஊன்றி பழைய வார்டுக்குப் போனால் அவர் அங்கே இல்லை, மாடி வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றார்கள். லிஃப்டில் ஏறிப் போனோம். கடைசி வரிசையில் ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், யாரோ ஒரு கிழவியின் மணிக்கட்டைப் பிடித்தபடி. அம்மா கூப்பிட வாயெடுத்தாள். நான் அவள் தோளைத் தொட்டேன். அவர் கையை விடும் வரை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம்.